கட்டுரையில் இல்லாத வாக்கியம்

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் அநேகமாக எவருமில்லை. ‘பசைக்காரர்’ என்றால்தான் வாயிற்காவலருக்குக்கூட விளங்கும். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, ஐம்பதைக் கடந்து, தலைமுடியில் பாதிக்கு மேல் பறிகொடுத்துவிட்ட ஒருவருக்கு இப்படியொரு பட்டப்பெயர் வாய்த்தது சற்று வருந்தத்தக்கதுதான். அதைச் சூட்டியவர்களுக்குக் கேலி செய்யும் எண்ணம் இருந்திருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அவர்களோ உண்மையான மரியாதையோடு சூட்டியிருந்தார்கள்.

நிறுவனத்தின் நுழைவுக்கூடத்தில் ஒரு பெரிய திரை உண்டு. எந்த ஆய்வாளரின் கட்டுரையை உலகில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை அதில் ஓடிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் எல்லாம் நூறு, இருநூறு என்று தத்தித் தத்தி நடக்க, பசைக்காரர் மட்டும் ஆயிரத்து நூற்றைத் தாண்டி நின்றார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த எண்ணையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துக் கைகுலுக்குவார்கள். அதனால் அவர் பின்பக்கத்து மாடிப்படி வழியாகவே கீழ்த்தளத்து ஆய்வகத்துக்குப் போய்வந்தார்.

அந்த ஆயிரத்து நூறும் ஒரே கட்டுரைக்கு வந்தவை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய கருவியொன்று பழுதாகிக் கிடந்தது. சும்மா இருக்கக் கூச்சப்பட்டு, வெப்பமானிகளை உலோகத்தட்டில் ஒட்டப் பயன்படும் ஒரு பசையை எடுத்து, கடுங்குளிரில் அதன் வழியே வெப்பம் எவ்வளவு கடக்கிறது என்று அளந்து நான்கு பக்கத்தில் எழுதி அனுப்பினார். கடைசிப் பத்தியில் மிகுந்த கவனத்தோடு ஓர் எச்சரிக்கையும் சேர்த்தார். இந்த அளவுகள் நான்கு கெல்வினுக்குக் கீழே, அதாவது திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில், மட்டுமே செல்லும். அதற்கு மேலே, சூடேறிக் குளிரும்போது பசையில் மயிரிழை விரிசல் விடுகிறது. ஆகவே அங்கே இதை நம்பவேண்டாம் என்று.

ஓரிரு ஆண்டு கழித்து, துறையில் பெரும் மதிப்புப் பெற்ற ஒருவர் ஒரு தொகுப்புக் கட்டுரை வெளியிட்டார். அதில் ‘இந்தப் பசை எல்லா வெப்பநிலையிலும் நம்பகமானது என்று நிறுவப்பட்டுள்ளது’ என்றொரு வரி இருந்தது. ஆதாரமாகப் பசைக்காரரின் கட்டுரை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்த வரியைப் பார்த்து எழுதினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் எழுதினார்கள். மூலக் கட்டுரையின் கடைசிப் பத்திவரை வந்தவர் ஒருவர்கூட இல்லை.

அவர் வாய்மூடி இருந்துவிட்டார் என்று யாரும் தயவுசெய்து எண்ணிவிடக் கூடாது. தொகுப்பு எழுதிய பெரியவருக்கு அடக்கத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இது குறித்து மேலும் அறிய மூலக் கட்டுரையைப் பார்க்கவும்’ என்று பதில் வந்தது. பிறகு இதழுக்கே ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பினார். ‘இதில் புதிதாக ஒன்றுமில்லை, தங்கள் முந்தைய கட்டுரையிலேயே இது தெளிவாக உள்ளது’ என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். இதற்கிடையில் அந்த எண்ணிக்கையைக் காட்டியே நிறுவனம் அவருக்குச் சொந்தமாக ஓர் ஆய்வகம் கொடுத்தது. அதன்பின் அவர் திருத்தம் கேட்டு யாருக்கும் எழுதவில்லை.

ஆய்வகம் கிடைத்தது ஒருவகையில் நல்லதுதான். ஏனென்றால் அவருடைய மனம் பசையில் இல்லை, கண்ணாடியில் இருந்தது. ஒழுங்கில்லாமல் உறைந்துபோன கண்ணாடிக்குள் கடுங்குளிரில் வெப்பம் எப்படி வழி தேடிப் போகிறது என்பதை அவர் பதினைந்து ஆண்டுகளாகத் துரத்திக்கொண்டிருந்தார். அதில் பன்னிரண்டு கட்டுரைகள் எழுதினார். அவற்றுக்கு வந்த மேற்கோள்கள் ஒன்பது. அந்த ஒன்பதில் ஐந்து அவரே காட்டியவை.

இப்போது அந்தத் தேடல் முடிவை நெருங்கியிருந்தது. அவருடைய ஆய்வு மாணவி மாதக்கணக்கில் தேய்த்து மெருகேற்றிய கண்ணாடி வில்லைகள் குளிர்கலத்துக்குள் இறங்கியிருந்தன. இருவரும் எதிர்பார்த்த வளைவு வரைபடத்தில் மெல்லத் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. இன்னும் ஓர் ஆண்டு ஆய்வகம் ஓடினால் அவளுடைய பட்டமும் முடியும், அவருடைய பதினைந்து ஆண்டுகளுக்கும் ஒரு பொருள் கிடைக்கும். ஆய்வகம் ஓடுமா என்பதை அந்த மாதம் வரவிருந்த மதிப்பீட்டுக் குழு முடிவு செய்யும்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வெளியீட்டுக்கு வந்த கட்டுரையொன்றைப் படித்துக் கருத்துச் சொல்லுமாறு கேட்டிருந்தார்கள். எங்கோ இருக்கும் ஓர் இளம் ஆய்வாளர் அதே பசையைச் சற்று உயர்ந்த வெப்பநிலையில் அளந்து, விரிசல் விடுவதைப் படம்பிடித்துக் காட்டியிருந்தார். பசைக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை காலத்துக்குப் பிறகு ஒருவர்! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆவலோடு படித்தார்.

இரண்டாம் பக்கத்தில் அவருடைய முகம் சுண்டிப்போனது. ‘எல்லா வெப்பநிலையிலும் நம்பகமானது என்று மூலக் கட்டுரையின் ஆசிரியர் கூறியது முற்றிலும் தவறு’ என்று எழுதியிருந்தது. பசைக்காரர் சொல்லாததைச் சொன்னதாகக் கூறி, அவர் சொன்னதையே அவருக்கு எதிராகக் கண்டுபிடித்திருக்கிறார் இந்த ஆய்வாளர்! இவரும் கடைசிப் பத்தியைப் படிக்கவில்லை.

“என்ன சார், பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” என்றாள் மாணவி, வெற்றிடக் குழாயின் திருகை இறுக்கியபடி.

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அவர் சிரிக்காததைப் பார்த்துச் சட்டென்று அடக்கிக்கொண்டாள்.

“ஈஸி சார். ‘ரிசல்ட் சரி, ஆனா பழைய பேப்பரும் இதையேதான் சொல்லுது, கடைசி பாராவைப் பாருங்க’ன்னு எழுதிப் போடுங்க. முடிஞ்சது.”

“முடிஞ்சதுதான். அப்புறம் நம்ம அப்ளிகேஷன்ல என்ன எழுதியிருக்குன்னு பார்த்தியா?”

அவள் பார்த்திருக்கவில்லை. குழுவுக்கான விண்ணப்பத்தை இயக்குநர் தம் கைப்படத் தயாரித்திருந்தார். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது: ‘எல்லா வெப்பநிலைக்கும் பொருந்தும் பசை விதியைக் கண்டறிந்து, உலகெங்கும் ஆயிரத்து நூறு ஆய்வுகளுக்கு அடித்தளமிட்ட ஆய்வகம்.’ பசைக்காரர் கையெழுத்திட வேண்டியது மட்டுமே பாக்கி.

மாணவி திருகை இறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் அவர் இயக்குநரின் அறைக்குப் போனார். இயக்குநர் இனிமையான மனிதர். கெட்ட செய்தியைக்கூடத் தேநீரோடுதான் கொடுப்பார்.

“வாங்க வாங்க, நம்ம சொத்தே நீங்கதான்,” என்றார்.

“சார், மன்னிக்கணும். அந்த முதல் பக்கத்துல ஒரு சின்னத் தப்பு. என் பேப்பர்ல அப்படி இல்லை.”

“எப்படி இல்லை?”

இதழிலிருந்து வந்த கட்டுரையையும் சேர்த்துப் பசைக்காரர் விளக்கினார். இயக்குநர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“சரி, புரியுது. ஆனா இந்த ஆயிரத்து நூறு பேரும் உங்களைத்தானே கோட் பண்ணியிருக்காங்க?”

“படிக்காம பண்ணியிருக்காங்க சார்.”

“படிச்சுப் பண்ணதா படிக்காமப் பண்ணதான்னு கணக்குல தனித்தனியாவா காட்டுறாங்க? சார், உங்க நல்லதுக்கு ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கண்ணாடியைக் காட்டி இந்த ஆய்வகத்தை ஒரு நாள்கூட நடத்த முடியாது. பசையைக் காட்டித்தான் ஹீலியம் வாங்குறோம். அந்த ஹீலியத்துலதான் உங்க கண்ணாடி குளிருது. நானா உங்க கண்ணாடிக்கு எதிரி?”

“இல்லை சார்.”

“அந்த ரிவ்யூவை மெதுவா அனுப்புங்க. குழு வந்துட்டுப் போகட்டும். அப்புறம் நீங்க உண்மையை மேடை போட்டுச் சொல்லுங்க, நானே மாலையோட வர்றேன்.” பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினார். “அந்தப் பொண்ணோட பிஎச்டியையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.”

பசைக்காரர் நினைத்துப் பார்த்தார். பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்ட பிறகும் சற்று நேரம் அந்தத் தாளைப் பிடித்தபடியே இருந்தார். இயக்குநர்தான் பக்குவமாக உருவி எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை அவர் நேராக மனைவியின் மருந்துக்கடைக்குப் போனார். அவர் மனைவி மருந்தாளுநர். தெருமுனையில் சிறிய கடை. கூட்டம் இருந்தால் பசைக்காரர் உள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். இரண்டு பக்கமும் இருமல் மருந்து, தலைக்கு மேலே குழந்தைகளுக்கான பால்மாவு. முழங்காலை அசைத்தால் எதிலாவது இடிக்கும். அன்று அந்த இடுக்குகூட அவருக்கு விசாலமாகத் தோன்றியது.

கூட்டம் ஓய்ந்ததும் மனைவி எட்டிப் பார்த்தார். “என்னங்க, ஏன் இப்படி ஒடுங்கி உட்கார்ந்திருக்கீங்க? ஸ்டாக்ல சேர்த்துடப் போறேன்.”

அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

“கையெழுத்து போட்டுட்டீங்களா?”

“போட்டுட்டேன்.”

மனைவி மாத்திரை அட்டைகளை அடுக்கத் தொடங்கினார். “அட்டை மேல கொட்டை எழுத்துல எழுதித் தர்றேன், சாப்பிட்டப்புறம் போடுங்கன்னு. வெறும் வயித்துல போட்டுட்டு வந்து, உங்க மருந்து சரியில்லைம்மான்னு என்கிட்டயே சண்டைக்கு வர்றாங்க. அதுக்காக, ‘ஆமாங்க, வெறும் வயித்துலயும் போடலாம்’னு நான் போர்டு மாட்ட முடியுமா?”

“நான் மாட்டலை. மாட்டினது அவங்க.”

“இன்னிக்கு நீங்கதானே கையெழுத்து போட்டீங்க?”

“அந்தப் பொண்ணோட வேலை பாதியில நின்னுடும்மா. என்னோடதும்.”

“நிக்கும்தான். நான் என்ன, அது சின்ன விஷயம்னா சொன்னேன்?” மனைவி பெருமூச்சு விட்டார். “வயித்துக்கு ஏதாவது வேணுமா? முகமே சரியில்லை.”

அதற்கு மேல் அந்த அம்மையார் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பசைக்காரருக்கு அன்றிரவு முழுக்கத் தோன்றிக்கொண்டிருந்தது.

குழு வந்தது. மூன்று பேர். தலைமை தாங்கியவர் வெள்ளி நரையும் கூர்ந்த பார்வையும் கொண்ட அம்மையார். துறையில் அவர் பெயரைச் சொன்னாலே நிமிர்ந்து உட்காருவார்கள். கூட்ட அறையில் சன்னல்கள் இறுக மூடியிருந்தன. இயக்குநர் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைக் கணீரென்று வாசித்தார். பசைக்காரர் மேசையின் விளிம்பில் உரிந்திருந்த பலகையை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் போதும், முடிந்துவிடும். கீழே மாணவி கலத்துக்கு ஹீலியம் நிரப்பிக்கொண்டிருப்பாள்.

“எல்லாம் நல்லா இருக்கு,” என்றார் தலைவர். “எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இது மதிப்பீட்டுக்காக இல்லை, என் சொந்த சந்தேகம். கேட்கலாமா?”

“தாராளமா கேளுங்க மேடம்,” என்றார் இயக்குநர்.

“எங்க ஆய்வகத்துல உங்க பசையைத்தான் போடுறோம், திரவ நைட்ரஜன் வெப்பநிலையில, எழுபத்தேழு கெல்வின்ல. ரெண்டு வருஷமா வெப்பமானிங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை. ஒட்டினவங்க சரியா ஒட்டலைன்னு நினைச்சோம். மறுபடி மறுபடி ஒட்டச் சொன்னோம். கடைசியில அந்த ஆய்வாளருக்குக் கை சுத்தம் இல்லைன்னு எழுதி வேற பிரிவுக்கு மாத்திட்டேன். நீங்க எவ்வளவு தடிமனாத் தடவுவீங்க?”

பசைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இயக்குநர் அவசரமாகத் தொண்டையைச் செருமினார். “அந்தத் தொழில்நுட்ப விவரம் எல்லாம் அப்புறமா...”

“அவங்க சரியாத்தான் ஒட்டியிருப்பாங்க மேடம்,” என்றார் பசைக்காரர். தம் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. “நைட்ரஜன்ல அது விரிசல் விடும். எப்படித் தடவினாலும் சூடேறிக் குளிர்ந்தா விரியும். அதை நான் என் கட்டுரையிலேயே எழுதியிருக்கேன்.”

“இல்லையே. எல்லா வெப்பநிலைக்கும்னு...”

“அந்த வாக்கியம் என் கட்டுரையில இல்லை மேடம். நான் எழுதவே இல்லை. இப்போ வாசிச்சாங்களே, அதுவும் உண்மை இல்லை. கையெழுத்து என்னோடதுதான். மன்னிக்கணும்.”

தலைவர் தமது மடிக்கணினியைத் திறந்தார். அந்தப் பழைய கட்டுரையைத் தேடி எடுத்தார். ஒருவேளை முதல் முறையாக. கடைசிப் பத்திக்கு வந்ததும் அவருடைய விரல் நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“நானே ஆறு இடத்துல உங்களை மேற்கோள் காட்டியிருக்கேன்,” என்று தமக்குத்தாமே சொல்வதுபோல் சொன்னார். பிறகு குழுவினர் தனியாகப் பேச வேண்டும் என்று மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

தாழ்வாரத்தில் இயக்குநர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். பசைக்காரருக்கோ, விசித்திரமாக, மூச்சு இலகுவாக வந்தது. ஆய்வகம் போகும்; போகட்டும். மாணவிக்கு வேறெங்காவது குளிர்கலம் இரவல் கேட்கலாம். நான்கைந்து பேரிடம் கெஞ்சினால் ஒருவராவது மசிய மாட்டாரா? அவர் மனத்துக்குள் அந்தக் கெஞ்சல் மடல்களின் முதல் வரிகளைக்கூட அமைக்கத் தொடங்கிவிட்டார்.

கதவு திறந்தது. தலைவரின் முகத்தில் கோபம் இல்லை. மாறாக ஒரு கனிவு இருந்தது.

“உங்க நேர்மை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆய்வகத்தை மூடுறதாவது! அஞ்சு வருஷத்துக்கு நீட்டிக்கச் சொல்லி எழுதப் போறோம்.”

இயக்குநர் பாய்ந்து வந்து பசைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆனா ஒண்ணு,” என்றார் தலைவர். “இந்தப் பசையை நம்பி உலகத்துல எத்தனை கருவி தப்பாக் காட்டிக்கிட்டு இருக்கோ தெரியலை. எல்லா வெப்பநிலையிலும், எல்லாப் பசையையும் யாராவது ஒழுங்கா அளந்தே ஆகணும். உங்களைவிடப் பொருத்தமான ஆள் யாரு? இந்த ஆய்வகம் அதை மட்டும் செய்யட்டும்.”

“மேடம், எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு குளிர்கலம். அதுல இப்போ கண்ணாடி இருக்கு.”

“பார்த்தேன். அழகான வேலை. உண்மையிலேயே அழகு.” அவர் பசைக்காரரின் தோளை மெதுவாகத் தட்டினார். “ஆனா அதுக்காக யாரும் காத்திருக்கலையே?”

அவர்கள் விடைபெற்ற பிறகு, பசைக்காரர் தம் அறையில் அமர்ந்து அந்த இளம் ஆய்வாளரின் கட்டுரைக்குக் கருத்துரை எழுதினார். முடிவுகள் யாவும் சரியானவை, வெளியிடலாம். ஆனால் மூலக் கட்டுரையும் இதையே கூறுகிறது, கடைசிப் பத்தியை அன்புகூர்ந்து காண்க என்று எழுதி, பெயரை மறைத்து எழுதும் வழக்கத்துக்கு மாறாகக் கீழே தம் பெயரையும் இட்டார். சில நாளில் திருத்திய வடிவம் வந்தது. ஆய்வாளர் நெகிழ்ந்துபோய் நன்றி தெரிவித்திருந்தார். அந்த வாக்கியத்தையும் மாற்றியிருந்தார்: ‘எல்லா வெப்பநிலையிலும் நம்பகமானது என்று தாம் கூறியது தவறு என்பதை அதன் ஆசிரியரே பின்னர் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டுள்ளார்.’

அவர் அதை இரண்டு முறை படித்தார். மறுபடி எழுதலாமா என்று யோசித்தார். இதழின் பக்கத்தில் ‘கருத்துரைக் காலம் முடிவுற்றது’ என்றிருந்தது. கணினியை மூடிவிட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்.

செய்தி மாணவிக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. குளிர்கலத்தின் மூடி திறந்து கிடந்தது. அவள் கையுறை மாட்டிய விரல்களால் கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சு விரித்த பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

“உங்களை நான் ஒண்ணும் சொல்லலை சார்,” என்றாள். “நீங்க செஞ்சது சரி. நானா இருந்தா வாயைத் திறந்திருக்க மாட்டேன், அதுவும் தெரியும். ஆனா உண்மையைச் சொன்னது நீங்க, கண்ணாடி போனது எனக்கு. அதை மட்டும் சொல்லிக்கிறேன்.”

“பிஎச்டியைப் பசையில முடிச்சுக்கலாம்மா. சீக்கிரமாவே முடிஞ்சிடும். நிறைய பேர் மேற்கோள் காட்டுவாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மாணவி நிமிர்ந்து அவரை ஒரு கணம் பார்த்தாள்.

“ஆமா சார்,” என்றாள். “காட்டுவாங்க.”

பெட்டியை மூடி மேல்தட்டில் ஏற்றினாள். செம்புத்தட்டு ஒன்றைத் துடைத்து மேசையில் வைத்தாள். பசைக்குப்பியைத் திறந்தாள். குழைத்த பசையைத் தூரிகையில் தொட்டு, தட்டின் மேலே தயங்கி நிறுத்தினாள்.

“எவ்வளவு சார்?”

அவர் பதில் சொல்லக் கூடாது என்று நினைத்தார். கை தானாக நீண்டு தட்டைச் சற்றே சாய்த்துப் பிடித்தது.

“மெல்லிசா,” என்றார். “ஓரத்துலேர்ந்து ஆரம்பி. நடுவுல காத்துக்குமிழி இருந்தா அங்கதான் முதல்ல விரியும்.”